வேலியோரம் நாணல் மாதிரி ஒரு ராட்சசப் புல்லு: பம்பாஸா, டோய்டோயா? வளைகாப்புக்கு வெட்டலாமா?

புதுவீட்டுக்காரன்:

வணக்கம் மக்களே, ஆக்லாந்துல மேற்குப் பக்கம் வீடு வாங்கி குடி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. பத்து நிமிஷம் கார்ல போனா கடல், கறுப்பு மணல், காத்துன்னா அப்படி ஒரு காத்து, கொடியில போட்ட துணி பக்கத்து வீட்டுல போய்த்தான் காயும்.

விஷயம் என்னன்னா பின்னாடி வேலியோரம் ரெண்டு பெரிய தூரு நிக்குது. பாக்க நம்ம ஊர் ஆத்தோரம் நாணல் இருக்குமே அது மாதிரிதான், ஆனா நாணலுக்கு ஊட்டச்சத்து மாவு குடுத்து வளத்த மாதிரி இருக்கு. நான் ஆறடி, கையைத் தூக்கினாலும் பூ எட்டல. ஒரு தூருல பூ புசுபுசுன்னு லேசா ரோஸ் கலந்த வெள்ளையில நட்டுக்குத்தலா நிக்குது. இன்னொண்ணுல பூவெல்லாம் பழசாகி ஒல்லியா ஒரு பக்கமா தலை குனிஞ்சு தொங்குது. ஒரே செடியோட சின்ன வயசும் வயசான காலமும்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனி வீட்டம்மாவுக்கு வளைகாப்பு. இன்ஸ்டால எல்லாம் ஸ்டேஜ் பின்னாடி இந்தப் பூவைத்தான் கத்தை கத்தையா சொருகி வைக்கிறாங்களாம், கடையில வாங்கினா ஒரு கொத்துக்கே காசு புடுங்குறான், நம்ம வீட்டுலயே ஓசியில நிக்குதே வெட்டிக் குடுங்கன்னு ஆர்டர். நேத்து ரெண்டு பூ சாம்பிளுக்கு வெட்டி கராஜ்ல வெச்சுட்டேன்.

இப்ப குழப்பம். வீடு காட்டின ஏஜென்ட் இது நியூசிலாந்து நேட்டிவ் புல்லு, பராமரிப்பே வேணாம்னு சொன்னாரு. பக்கத்து வீட்டுப் பாட்டி "டோய்டோய், லவ்லி"ன்னாங்க. ஆபீஸ்ல ஒருத்தன் போட்டோவைப் பாத்துட்டு ஐயையோ இது பம்பாஸ், களை, வெட்டி எங்கயும் எடுத்துட்டுப் போயிராதங்குறான். மூணு பேர் மூணு விதமா சொன்னா நான் என்ன பண்றது. பேர் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பூ போட்டோ கீழ போட்டிருக்கேன்.

கோவை_குசும்பன்:

ப்ரோ போட்டோ பாத்தேன், கன்ஃபார்ம் டோய்டோய். நான் எட்டு வருஷமா ஹாமில்டன்ல இருக்கேனுங்க, ஆக்லாந்து போற ரோட்டோரம் பூரா இதேதான் நிக்கும், நேட்டிவ் இல்லாமயா இவ்ளோ இருக்கும். வெட்டினா ஃபைன் போடுவாங்கன்னு கேள்வி. வாழைமரம் கட்டி ஃபங்ஷனை முடிங்க, பேசாம இருங்க. பேர் மட்டும் யாரு வெச்சாங்களோ, பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ற சத்தம் மாதிரி டொய்டொய்னு.

செடிப்பைத்தியம்:

தம்பி, முதல்ல வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள். ரெண்டாவது, பூவை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டுட்டு பேர் சொல்லுன்னா யாராலயும் சொல்ல முடியாது. இந்த ரெண்டு புல்லுலயும் ஏமாத்துறதே அந்தப் பூதான், எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. நான் பல வருஷமா லீவு நாள்ல பீச் மணல்மேட்டுல செடி நடுற க்ரூப்போட போயிட்டு வர்றேன், முதல் வருஷம் நானே ஒரு டோய்டோய் தூரை பம்பாஸ்னு நினைச்சு பாதி தோண்டிட்டேன், அப்புறம் அங்க இருந்த ஒரு வயசான மவோரி (இந்த நாட்டுப் பூர்வகுடி) அம்மா என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சு அடியில பாருன்னாங்க. அதுலேருந்து நான் மேல பாக்குறதே இல்ல.

கோவைக்காரரே, நீங்க ரோட்டோரம் பாக்குறது பெரும்பாலும் பம்பாஸ்தான். நிறைய இருக்கிறதாலயே நேட்டிவ்னு சொன்னா நம்ம ஊர் சீமைக்கருவேலம் சங்ககாலத்து மரம் ஆயிரும்.

சரி தம்பி, கையில தடிமனா கிளவுஸ் போட்டுக்கோங்க, சும்மா தோட்ட கிளவுஸ் பத்தாது. கரும்புக் காட்டுல சோகை அறுத்த அனுபவம் இருந்தா தெரியும், இதோட இலை ஓரம் அதைவிட மோசம், ரம்பம் மாதிரி. இங்க இந்த மாதிரி புல்லை எல்லாம் பொத்தாம்பொதுவா கட்டி கிராஸ்னே சொல்லுவாங்க, வெட்டுற புல்லுன்னு.

போய் தூருக்கு அடியில குனிஞ்சு காஞ்ச இலைகளைப் பாருங்க. ஆசாரி இழைப்புளி போடும்போது கீழ விழுமே மரச்சுருள், அந்த மாதிரி பழைய இலையோட அடிப்பாகம் சுருண்டு சுருண்டு குவிஞ்சு கிடந்தா அது பம்பாஸ். டோய்டோய்ல காஞ்ச இலை கிடக்கும், ஆனா அப்படி சுருளாது. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிரும், பத்தடி தள்ளி நின்னே பாக்கலாம்.

அப்புறம் ஒரு பச்சை இலையைப் பிடிச்சு வெடுக்குன்னு ஒரு இழு இழுங்க. பம்பாஸ்னா பட்டுனு அறுந்து கையோட வந்திரும். டோய்டோய் நார் மாதிரி, நீங்கதான் முன்னாடி போய் விழுவீங்க. அந்த இலையை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, பம்பாஸ்ல நடுவுல ஒரே ஒரு நரம்பு பளிச்சுன்னு தெரியும், அதுக்கும் ஓரத்துக்கும் நடுவுல வேற எதுவும் எடுப்பா தெரியாது. டோய்டோய்ல நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் இன்னும் பல நரம்பு வரிவரியா எழும்பி நிக்கும், விரல் வெச்சுத் தடவினாலே தெரியும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. இலை தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கிற மட்டைப் பகுதி இருக்கே, கரும்புல கணுவுக்குக் கீழ வெள்ளையா மாவு பூத்திருக்குமே, நகத்தால சுரண்டினா வருமே, அதே மாதிரி மெழுகுப் பூச்சு டோய்டோய் மட்டையில இருக்கும். பம்பாஸ்ல கிடையாது.

கடைசியா மாசம். டோய்டோய் பூக்கிறது செப்டம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும், அதாவது இங்கத்து வசந்தமும் கோடையும். பூ மஞ்சள் கலந்த சந்தன நிறத்துல ஒரு பக்கமா வளைஞ்சு தொங்கும். சாதா பம்பாஸ் மார்ச்லேருந்து ஜூன், நிமிந்து நிக்கும், அடர்த்தியா இருக்கும். ஊதா பம்பாஸ்னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் முன்னாடியே ஜனவரி கடைசியில ஊதாவா பூத்து அழுக்கு பிரவுனா மாறும். இப்ப ஏப்ரல். உங்க வீட்டுல புசுபுசுன்னு புதுப்பூவோட நிக்கிறது எதுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? இருந்தாலும் அடியைப் பாத்துட்டு வாங்க, பூவை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அந்த ரெண்டாவது தூரு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதை வெட்டிராதீங்க.

புதுவீட்டுக்காரன்:

// அந்த ரெண்டாவது தூரு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு //

அக்கா உங்களுக்கு கோயில் கட்டணும். ஆபீஸ் விட்டு வந்ததும் டார்ச் எடுத்துக்கிட்டு போய்ட்டேன், இங்க ஏப்ரல்ல ஆறு மணிக்கே இருட்டிருது. கிளவுஸ் போடுங்கன்னு நீங்க சொன்னதைப் படிச்சுட்டும் கிச்சன்ல பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸைப் போட்டுட்டுப் போனேன், அதுல வலது கை ஆள்காட்டி விரல்ல இப்ப ஒரு பிளாஸ்திரி. வீட்டுல அதுக்குத் தனியா திட்டு, விரலுக்காக இல்ல, கிளவுஸ் கிழிஞ்சதுக்கு.

முதல் தூரு, புதுப்பூ நிக்கிறது. அடியில குனிஞ்சு பாத்தா நீங்க சொன்னதேதான், எங்க தாத்தா வீட்டு முன்னாடி கதவு செஞ்சப்போ கிடந்த மாதிரி சுருள் சுருளா ஒரு கூடை குவிஞ்சிருக்கு, கையில எடுத்தா வெயிட்டே இல்ல, நொறுங்குது. ஒரு இலையை இழுத்தேன், சொன்ன மாதிரியே பட்டுனு வந்துருச்சு, ரெண்டாவது இழுத்தேன் அதுவும். டார்ச்சுக்கு முன்னாடி பிடிச்சா நடுவுல ஒரே கோடு. மட்டையில மாவும் இல்ல மண்ணும் இல்ல. உள்ள ஏதோ சரசரன்னு ஓடுச்சு, எலின்னு நினைக்கிறேன், அத்தோட எழுந்து வந்துட்டேன்.

ரெண்டாவது தூரு நாலடி தள்ளித்தான் நிக்குது, இவ்ளோ நாள் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அதுல இலையை இழுத்தா வரல. இன்னும் பலமா இழுத்தேன், அப்பதான் விரல் அறுந்தது, இலைக்கு ஒண்ணும் ஆகல. அடியில சுருள் கிடையாது, காஞ்ச இலை நீட்டு நீட்டா படுத்துக் கிடக்கு. மட்டையைச் சுரண்டினேன், நகத்துக்குள்ள வெள்ளையா பவுடர். இலையில நரம்பு ஒண்ணு ரெண்டு இல்ல, எண்ணவே முடியல, நோட்டுல கோடு போட்ட மாதிரி.

அப்ப ஒண்ணு அது ஒண்ணு இது, சரிதானே? ஏஜென்ட்டும் பாட்டியும் ரெண்டாவதைச் சொல்லியிருக்காங்க, ஆபீஸ்காரன் முதல்ல உள்ளதைச் சொல்லியிருக்கான், எல்லாரும் கரெக்ட், நான்தான் தப்பா?

வடமராட்சியான்:

நல்ல இழை. நான் இருபது வருசமா ஆக்லாந்திலதான் இருக்கிறன், இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் இண்டைக்குத்தான் வடிவா விளங்கினது. அக்காக்கு நன்றி.

கடற்கரைப் புல் எண்டு கதை வந்தபடியால் ஒண்டு சொல்லோணும். அந்த மேற்குக் கரையில, முரிவாய் பக்கம் போனா, மணல்மேட்டில வெள்ளி நிறத்தில ஒரு புல்லு தரையோட கயிறு மாதிரி ஓடிக்கொண்டு கிடக்கும், பாத்திருப்பியள். இங்க ஸ்பினிஃபெக்ஸ் எண்டுறவை, மவோரியில கோஃபாங்காதாரா. முதல் தரம் கண்ட உடன எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டு போச்சுது, ஏனெண்டா அது எங்கட இராவணன் மீசையின்ர சொந்தக்காரன். ஒரே பேரினம். ஊரில மணற்காட்டுப் பக்கம் சின்னனில போனா காலில செருப்பில்லாட்டி நடக்கேலாது, இலை நுனி ஊசி மாதிரி குத்தும், அதாலதான் மீசை எண்ட பேரோ தெரியேல்ல, சிங்களத்திலயும் இராவணன்ர பேர் சொல்லித்தான் கூப்பிடுறவை. இங்கத்தேது அப்பிடியில்லை, இலை முழுக்க பட்டு மாதிரி மெல்லிய மயிர், தடவிப் பாக்கலாம், பூனைக்குட்டி மாதிரி. அந்த மயிராலதான் தூரத்தில இருந்து பாக்க வெள்ளியா மினுங்கிறது.

ரெண்டிலயும் ஆண் செடி வேற பெண் செடி வேற. பெண் செடியில காய்க்கிறது ஒரு முள்ளுப் பந்து மாதிரி இருக்கும், முத்தின உடன அப்பிடியே கழண்டு காத்துக்கு கடற்கரையில உருண்டு உருண்டு ஓடும். நாங்கள் ஊரில அதுக்குப் பின்னால ஓட்டப்பந்தயம் வைப்பம், அது எப்பவும் வெல்லும். இங்க என்ர மகளும் அதே மாதிரி ஒண்டைத் துரத்திக்கொண்டு ஓடினவள், நான் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், கன நேரம்.

அது மணலைப் பிடிச்சு வைக்கிற புல், அதால மணல்மேடு நிக்குது. மேற்குக் கரைக்குப் போனா அதில மிதிக்காதேங்கோ, நடக்கிறதுக்கு வழி போட்டிருப்பினம், அதால போங்கோ.

சான்ஹோசே_சாம்பார்:

கலிஃபோர்னியாலேருந்து ஒரு சோகக் கதை. இங்க டோய்டோய் கிடையாது, அதனால நேட்டிவா இல்லையாங்குற குழப்பமே இல்ல, இருக்கிறது பூரா வந்தேறி. 1848-லயே சாண்டா பார்பராவுல அழகுக்காக கொண்டுவந்து வெச்சதாம், அப்புறம் 1870-கள்ல அந்தப் பக்கம் இதைப் பயிராவே வளத்து பூவை வித்திருக்காங்க, அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பூஜாடியில எல்லாம் இதுதான். இன்ஸ்டாவுக்கு முன்னாடியே இன்ஸ்டா.

எங்களுக்கு இங்க இருக்கிற குழப்பம் ரெண்டு பம்பாஸுக்கு நடுவுல. பிக் சர் பக்கம் ஒண்ணாம் நம்பர் ஹைவேல கடலை ஒட்டி வண்டி ஓட்டினா மலைச்சரிவு பூரா நிக்கிறது ஜுபாட்டா, அதான் அக்கா சொன்ன ஊதா. அதுல பூத்தண்டு இலைக்கு மேல ரொம்ப உயரமா தனியா நீட்டிக்கிட்டு நிக்கும், சாதா பம்பாஸ்ல இலைக்குக் கொஞ்சம் மேலதான் பூ வரும். சாதாவுல இலை நுனி சுருண்டிருக்கும், ஜுபாட்டாவுல சுருளாது. ஜுபாட்டா எல்லாமே பொம்பளைச் செடி, மகரந்தமே வேணாம், தானா விதை வெச்சுக்கும், அதனால ஒத்தைச் செடி தப்பிச்சு வந்தாலும் போதும். ஒரு பூங்கதிர்ல லட்சம் விதை வரைக்கும் வரும்னு சொல்றாங்க, தூசி மாதிரி, காத்துல கிலோமீட்டர் கணக்குல பறக்கும்.

அந்த ரெண்டு பூவை கராஜ்ல வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே ப்ரோ, பூவா இருக்கா இன்னும்?

கோவை_குசும்பன்:

சீமைக்கருவேலம்னு ஒரே போடா போட்டுட்டீங்களேக்கா. சரிங்க, இன்னைக்கு ஆக்லாந்து போறப்ப நாலு இடத்துல வண்டியை ஓரங்கட்டி அடியைப் பாத்தேன். நாலும் மரச்சுருள். எட்டு வருஷமா ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் இதைக் காட்டி நியூசிலாந்து பாரம்பரியம்னு கிளாஸ் எடுத்திருக்கேன், எங்க மாமா ஒருத்தர் போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. அவருகிட்ட சொல்லப் போறதில்லைங்க.

செடிப்பைத்தியம்:

தம்பி சரியா பாத்திருக்கீங்க. முதல் தூரு பம்பாஸ், ரெண்டாவது டோய்டோய். ரெண்டும் நாலடி தள்ளி நிக்கிறது ஒண்ணும் அதிசயமில்ல, யாரோ ஒருத்தர் ஆசையா டோய்டோய் வெச்சிருப்பாங்க, பக்கத்துல பம்பாஸ் விதை காத்துல வந்து விழுந்திருக்கும். ஆளுக ஏமாறுறதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டும் கிட்டத்துச் சொந்தம், போன தலைமுறை புஸ்தகத்துல எல்லாம் ரெண்டையும் கோர்டடேரியான்னு ஒரே பேர்லதான் போட்டிருப்பாங்க. அப்புறம்தான் நியூசிலாந்துக்காரனைத் தனியாப் பிரிச்சு ஆஸ்ட்ரோடெரியான்னு பேர் வெச்சாங்க. மொத்தம் அஞ்சு வகை, அதுல ஒண்ணு சாத்தம் தீவுல மட்டும்தான் இருக்கு. வடக்குக் கடற்கரை மணல்மேட்டுலயும் பாறையிலயும் வளர்றது ஸ்ப்ளெண்டென்ஸ்னு ஒண்ணு, இருக்கிறதுலயே பெருசு. உங்களுது எதுன்னு நேர்ல பாக்காம சொல்ல மாட்டேன்.

டோய்டோய்க்கு இங்க பெரிய மரியாதை உண்டு. அந்தப் பூத்தண்டை மவோரிக்காரங்க காகஹோன்னு சொல்லுவாங்க, மூங்கில் குச்சி மாதிரி நேரா இருக்கும், சபை வீட்டுச் சுவர்ல உள்பக்கம் வரிசையா அடுக்குவாங்க, பின்னல் வேலைப்பாடு செய்ற பலகைக்கு நெட்டுக்குத்தல் குச்சியும் அதுதான், பட்டம் கட்டவும் பயன்படுத்துவாங்க. நம்ம ஊர்ல தென்னைக்கு இருக்கிற மாதிரி, எதையும் வீணாக்க மாட்டாங்க.

பம்பாஸை அழகுக்குன்னு கொண்டுவந்தாங்க, அப்புறம் பண்ணைக்காரங்க காத்துக்குத் தடுப்பாவும் மாட்டுக்கு அவசரத் தீவனமாவும் வரிசையா நட்டாங்க. அங்கேருந்துதான் மணல்மேடு, பைன் காடு, ரோட்டோரம்னு எல்லா இடத்துக்கும் போச்சு. காஞ்ச இலை சேந்து சேந்து நெருப்புப் பிடிச்சா பெட்ரோல் மாதிரி எரியும், உள்ள எலி குடித்தனம் நடத்தும், அதை நீங்களே கேட்டுட்டீங்க. ரெண்டு வகை பம்பாஸும் இந்த நாட்டுத் தொல்லைச் செடி லிஸ்ட்ல (National Pest Plant Accord) இருக்கு, விக்கக்கூடாது, வளத்துப் பெருக்கக்கூடாது, அடுத்தவங்களுக்குக் குடுக்கக்கூடாது. வளைகாப்பு ஹாலுக்கு காரோட டாப்புல கட்டி எடுத்துட்டுப் போனீங்கன்னா போற வழி பூரா விதைச்சுட்டே போறீங்கன்னு அர்த்தம். ஸ்டேஜ் ஐடியாவை விட்ருங்க.

பூவை காத்து அடிக்காத காலைநேரத்துல வெட்டி, வெட்டும்போதே கறுப்பு குப்பைப் பைக்குள்ள தலைகீழா விட்டு வாயைக் கட்டிருங்க. குப்பைக்கிடங்குக்குத்தான் போகணும், தோட்டக் கழிவுக் குவியல்ல போட வேணாம். தூரைத் தோண்டி எடுக்குறதுன்னா அடிக்கட்டை முழுசா வெளிய வரணும், பாதி விட்டா திரும்ப வரும். எடுத்ததை வேர் மேல பாக்கிற மாதிரி கவுத்து வைங்க, மண்ணுல பட்டா மறுபடியும் பிடிச்சிரும். மருந்து அடிக்கலாம்னு கடையில சொல்லுவாங்க, ஆனா நாலடியில டோய்டோய் நிக்குது, அதுவும் புல்லு இதுவும் புல்லு, மருந்து ஆள் பாத்து அடிக்காது. உங்க நிலைமைக்கு மண்வெட்டிதான் நல்லது, கூட ரெண்டு ஆளு, ஒரு கடப்பாரை.

புதுவீட்டுக்காரன்:

// பூவா இருக்கா இன்னும்? //

சான்ஹோசே ப்ரோ, உங்க வாயில என்ன இருக்கோ தெரியல. நேத்து கராஜ் கதவைத் திறந்தேன், காத்து உள்ள வந்தது, அவ்ளோதான். பஞ்சு மில்லுல குண்டு வெடிச்ச மாதிரி. கராஜ்லதான் துணி காயப்போடுற ஸ்டாண்டு, அதுல வளைகாப்புக்குக் கட்ட துவைச்சுப் போட்ட அரக்குப் பட்டு. பட்டுச்சேலையைத் துவைச்சதே தப்புன்னு அத்தை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். ஒரு விதையை எடுத்துப் பாத்தேன், எள்ளுல கால்வாசி கூட இல்ல, சுத்தி பட்டு நூல் மாதிரி மயிரு, ஊதினா கீழ இறங்கவே மாட்டேங்குது, டியூப்லைட் வரைக்கும் போய் சுத்திட்டு வருது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஜன்னலைச் சாத்திட்டு வாக்யூம் போட்டேன், அந்தப் பையை அப்படியே கட்டி குப்பைக்குப் போட்டாச்சு.

இன்னைக்குக் காலையில ஆறரைக்கே எழுந்து காத்து இல்லாதப்பவே மிச்சப் பூவை வெட்டிட்டேன், மொத்தம் பதினேழு, பையிலயே தலைகீழா விட்டு வெட்டினேன். பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஏன் டோய்டோயை வெட்டுறன்னு பதறிட்டாங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்து ரெண்டு இலையையும் இழுக்கச் சொன்னேன். ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு வரல. ரெண்டு மூணு தடவை இழுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, போய் அவங்க வீட்டுப் பின்பக்கம் குனிஞ்சு பாத்துட்டு இருந்தாங்க, பத்து நிமிஷம் கழிச்சு மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வந்து எங்க வீட்டை முடிச்சுட்டு அவங்க வீட்டுக்கும் வான்னாங்க. அங்க மூணு நிக்குதாம்.

தூரைத் தோண்டுறது வளைகாப்பு முடிஞ்சப்புறம்தான், நண்பர்கள் ரெண்டு பேரை பிரியாணி போடுறேன்னு சொல்லி மடக்கி வெச்சிருக்கேன். ஸ்டேஜுக்கு வாழையிலையும் மாவிலைத் தோரணமும் போதும்னு வீட்டுல இறங்கி வந்தாச்சு, மாவிலை இங்க கிடைக்கிற விலையைக் கேட்டா பம்பாஸே பரவாயில்லைன்னு தோணுது, அது வேற கதை.

அக்கா, ஒரு சந்தேகம். டோய்டோயோட பழைய பூத்தண்டு அஞ்சாறு காஞ்சு நேரா நிக்குது, பூவெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி. அதுல வரப்போற பிள்ளைக்கு ஒரு பட்டம் கட்டலாமா?

செடிப்பைத்தியம்:

கட்டுங்க. அடியில வெட்டுங்க, இழுக்காதீங்க, விரல்ல ஏற்கெனவே ஒரு பிளாஸ்திரி இருக்கு.

வடமராட்சியான்:

பட்டம் எண்டா எங்களைக் கேளுங்கோ தம்பி. எங்கட பக்கம் தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டப்போட்டியே நடக்கிறது. குச்சியைக் கட்ட முதல் ரெண்டு நாள் நிழலில காயவிடுங்கோ, நடுவில விரலில வைச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் சமமா நிக்கோணும். மற்றதை நான் வந்து காட்டுறன், சனிக்கிழமை எத்தினை மணிக்கு?